பக்கம் புரண்ட இடம்

மௌஸைப் பிடித்திருக்கிற இந்த வலது கை மட்டும் கொஞ்ச நேரம் என் பேச்சைக் கேட்டால் போதும், அப்புறம் அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். எடிட்டிங் ப்ராஜெக்ட் திறந்துகொண்டிருக்கிறது. திரையில் அந்த நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதியில் நிற்கிறது. நகரு, நகரு. பாண்டித்துரை அண்ணனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் இந்த சிஸ்டத்தை மாற்றுங்கள் என்று, ஸ்டுடியோவுக்குப் புது போர்டு வைத்தார், புது சோபா போட்டார், சிஸ்டம் மட்டும் அதேதான். என் சட்டையில் டீ கொட்டியிருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்தேனா, போட்டேனா, தெரியவில்லை, ஓடிவந்துவிட்டேன். டீக்கடை டிவியில் லோக்கல் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று எங்கள் ஊர் அம்மன் கோயிலில் நடந்த பால்குட ஊர்வலம், நான் எடிட் பண்ணிக் கொடுத்தது, ராத்திரி ஒரு தடவை போட்டுவிட்டுக் காலையில் மறுபடி போடுகிறார்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை. ஆதார் அட்டைக்கு எடுத்த அக்காவின் போட்டோவைச் செல்லில் வைத்துக்கொண்டு, இந்த அம்மாவைப் பாத்தீங்களா, பேச வராது, பேரு பவளம், கேட்டா சிரிக்கும், என்று நேற்று சாயங்காலத்திலிருந்து எல்லாரிடமும் சொன்ன அதே வாக்கியத்தை வடை போடுகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போட்டோவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே டிவி பக்கம் திரும்பினார், நானும் திரும்பினேன். வேன்கள் வரிசையாக நிற்கின்றன. பால்குடம் எடுத்துவிட்டு வெளியூர்ப் பெண்கள் திரும்பிப் போகிறார்கள். எல்லாரும் மஞ்சள் சேலை. அதில் ஒருத்தி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு திரும்பிக் கேமராவைப் பார்க்கிறாள். அக்கா. என் பவளக்கா. நான் மூச்சு விடுவதற்குள் திரையின் வலது மூலை மடங்கி, புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல அவள்மேல் புரண்டு, கோபுரம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் புரட்டியவன் நான்தான்.

திறந்துவிட்டது. வந்துவிட்டது. டைம்லைனில் துண்டு துண்டாக நேற்றைய நாள் முழுவதும் படுத்திருக்கிறது. ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்னக் கட்டம், அதுதான் ட்ரான்சிஷன். தாமரை விரிவது ஒன்று, நட்சத்திரம் வெடிப்பது ஒன்று, தீபம் சுற்றுவது ஒன்று, பக்கம் புரளுவது ஒன்று. விழாக் கமிட்டிச் செயலாளருக்கு இதெல்லாம் வேண்டும். "தவம், சும்மா வெட்டி வெட்டி ஒட்டாதப்பா, ஒவ்வொண்ணும் ஒரு தினுசா மாறணும், சனங்க வாயைப் பொளந்து பாக்கணும்" என்பார். பார்த்தேனே. வாயைப் பிளந்து பார்த்தேனே. இப்போது அந்த இடத்துக்குப் போகவேண்டும், கடைசிப் பக்கம், ஊர்வலம் முடிந்த பிறகு, வேன்கள். ஒரிஜினல் இருந்தால் இந்தப் பாடே இல்லை. கேமராமேன் சாகுல் பாய் எடுத்தது அத்தனையும் அப்படியே இருந்தால் அவள் எந்த வேனில் ஏறினாள், வேன் எந்தப் பக்கம் திரும்பியது, எல்லாம் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் நேற்று சாயங்காலமே ஒரு ரிசப்ஷனுக்குப் போகவேண்டியிருந்தது, கார்டுகளைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டேன். கார்டிலிருந்து இறக்கியதும் இங்கே இல்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று, சேனலுக்கு வீடியோவை அனுப்பிய கையோடு, படத்தில் சேராததையெல்லாம் அழித்துச் சுருக்கிவிட்டேன். எப்போதும் செய்வதுதான். சுருக்கினால் படத்தில் உள்ளது மட்டும் நிற்கும். அத்தோடு ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், ஒரு காட்சி இன்னொன்றின்மேல் ஏறிப் புரளுவதற்காக விட்டுவைக்கிற மிச்சம். ட்ரான்சிஷனை எடுத்தால் அடியில் அது இருக்கும். அந்த மிச்சத்தில் அக்கா இருக்கிறாள். அழித்து முடித்து நிமிர்ந்து சோம்பல் முறித்தபோதுதான் காளீஸ்வரியின் போன் வந்தது. என் மனைவி போனில் அப்படி அழுது நான் கேட்டதேயில்லை. "ஏங்க, அக்காவைக் காணோம். நானே தேடிக் கண்டுபிடிச்சிரலாம்னு பாத்தேன். எங்கயும் இல்லைங்க."

இதோ. பக்கம் புரளுகிற கட்டம். அம்பை அதன்மேல் வைத்து ஒரு தட்டு, கட்டம் வெளுக்கிறது, டெலிட். போய்விட்டது. இவ்வளவுதான். எத்தனை சுலபமாகப் போகிறது, போடும்போதும் இப்படித்தான், பிடித்து இழுத்து விட்டால் உட்கார்ந்துகொள்ளும். ஓடவிடுகிறேன். வேன்கள், மஞ்சள், மஞ்சள், ஒரு குடம், ஒரு குழந்தையின் தலை, அக்கா. திரும்புகிறாள். பார்க்கிறாள். பக்கம் புரளவில்லை. அவள் இன்னும் இருக்கிறாள். வேனுக்குள்ளிருந்து ஒரு கை நீளுகிறது, கண்ணாடி வளையல் நிறையப் போட்ட கை, அக்கா அதைப் பார்க்கிறாள், தன் கையைக் கொடுக்கிறாள், காலைத் தூக்கிப் படியில் வைக்கிறாள், வெட்டு. கோபுரம். துண்டின் வாலைப் பிடித்து இழுக்கிறேன். இன்னும் கொஞ்சம் வருகிறது. அடுத்த காலையும் தூக்குகிறாள். அவ்வளவுதான், மேலே வர மாட்டேன் என்கிறது, தீர்ந்துவிட்டது, அவளுடைய ஒரு கால் அந்தரத்தில் நிற்க எல்லாம் தீர்ந்துவிட்டது. வேனின் பக்கவாட்டில் துணி பேனர் கட்டியிருக்கிறார்கள், அதன் முன்பாதி படச் சட்டத்துக்கு வெளியே, பின்பாதி மட்டும் தெரிகிறது: யேந்தல். ஏந்தல். எங்கள் பக்கம் எந்தத் திசையில் போனாலும் ஏந்தல் என்று முடிகிற ஊர்தான், கண்மாய்க்கு ஒரு ஏந்தல், கள்ளிக்காட்டுக்கு ஒரு ஏந்தல், எந்த ஏந்தல் என்று போய்க் கேட்பேன். அந்தக் கை யாருடைய கை. நல்ல கையா. வேன் போகிற வழியில், இது யாரு, நம்ம ஊரு இல்லையே, இறக்கிவிடு என்று நடுரோட்டில் இறக்கிவிட்டிருந்தால். அவளுக்கு ரோடு தெரியாது. லாரி வந்தால் ஒதுங்கத் தெரியாது, லைட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளை அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிற்று, நான் அப்புறம் பிறந்தவன், அவளைத் தாண்டி வளர்ந்தேன், ஒரு கட்டத்தில் அவள் எனக்குத் தங்கச்சி ஆனாள், அம்மா போன பிறகு மகள் ஆனாள். கையைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். யார் கொடுத்தாலும். அதுதான் பயம்.

காளீஸ்வரி அவளை விட்டுவிட்டாள் என்று சித்தி நேற்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். வந்தவ வந்தவதான், சொந்த ரத்தமா இருந்தா விடுவாளா. காளீஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. சித்திக்கு மறந்துபோயிற்றா. கல்யாணம் முடிந்து காளீஸ்வரி முதல் முதலாக எங்கள் வீட்டுப் படியேறி வந்த அன்றைக்கு, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருக்கிறார்கள், நல்ல காரியத்தில் இது எதற்கு என்று அக்காவைப் பின்கட்டு அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டது சித்திதான். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம். விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "உள்ள யாரு?" என்றாள். "யாருமில்லத்தா, பூனை" என்றாள் சித்தி. கழுத்தில் மாலையோடு எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தது காளீஸ்வரி. நான் இல்லை. நான் மாப்பிள்ளை, பட்டுவேட்டியைச் சரி செய்துகொண்டு, வீடியோ எடுக்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்று காளீஸ்வரி தன் நேர்த்திக்காகப் பால்குடம் எடுத்தாள், அக்காவுக்கும் மஞ்சள் சேலை கட்டிக் கூட்டிப்போனாள், குடத்தை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும் என்று அக்காவின் முந்தானையைத் தன் சேலையோடு முடிந்துகொண்டாள். "முடிச்சு எப்ப அவுந்துச்சுன்னே தெரியலைங்க. பின்னால இழுத்துக்கிட்டே வந்துச்சு, இருக்கா இருக்கான்னு நெனச்சுக்கிட்டே போனேன். பெறகு இழுக்கலை." இதையே நேற்று ராத்திரி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெறகு இழுக்கலை. பெறகு இழுக்கலை.

செல் அடிக்கிறது. தெரியாத நம்பர். யாரோ பார்த்திருக்கிறார்கள். "தவமணிதான பேசுறது? ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன். உங்க அக்கா என்ன கலர் சேலை கட்டியிருந்தாங்கன்னு சொன்னீங்க?" மஞ்சள் சார். "ம். காலைல ரயில் தண்டவாளத்து ஓரம் ஒரு பாடி கெடந்திருக்கு. பொம்பளை. மஞ்சச் சேலை. இருங்க இருங்க, பதறாதீங்க, நேத்து ஊர்ல பாதிப் பேரு மஞ்சச் சேலைதான். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, ஒரு எட்டு வந்து பாத்துருங்க." குரலில் ஒன்றும் கடுமை இல்லை, தூக்கம் கெட்ட மனிதரின் குரல். நான் சரி சார் என்றேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். திரையில் அக்காவின் கால் அந்தரத்தில் நிற்கிறது. காலைக் கீழே வை அக்கா. உள்ளே வை. காளீஸ்வரிக்கு எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, எந்த வார்த்தையைச் சொன்னேன், அவள் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கி விசாரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது. "நீங்க எங்க இருக்கீங்க?" ஸ்டுடியோவில். அக்கா வேனில் ஏறியிருக்கிறாள், ஊர்ப்பேர் பாதிதான் தெரிகிறது, இன்னும் பார்க்கவேண்டும். "அப்ப நீங்க அதைப் பாருங்க. நான் போயிப் பாக்குறேன்." நீ வேண்டாம் காளீஸ்வரி, நான் போறேன். "நாந்தான கூட்டிட்டுப் போனேன். நான் பாக்குறேன்." வைத்துவிட்டாள்.

பார்க்கவேண்டும். பார். எல்லா இடத்திலும் பார். அதே வேன் காலையில் வந்து இறங்கியபோதும் சாகுல் பாய் எடுத்திருப்பார், அவர் எதையும் விடமாட்டார், வருகிற வேன்களை முன்னால் நின்று எடுப்பார், முன்னால் பேனர் முழுசாக இருக்கும். இந்த வேனுக்கு என்ன அடையாளம், ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்து அட்டை வைத்து ஒட்டியிருக்கிறது, அது போதும். முதலிலிருந்து வா. ஒவ்வொரு கட்டமாக எடு. மொத்தமாகப் பிடித்து ஒரே அடியில் அழிக்கலாம், அழித்துவிட்டேன், கட்டம் எல்லாம் போய்விட்டது, ஆனாலும் ஒவ்வொரு வெட்டிலும் நின்று வாலை இழுத்துப் பார்க்கவேண்டும், தலையை இழுத்துப் பார்க்கவேண்டும், மூடியிருந்தது என்ன என்று. தீபம் சுற்றிய இடத்தில் ஒரு கிழவி தலைமுடியை முடிகிறாள். நட்சத்திரம் வெடித்த இடத்தில் இரண்டு பேர் குடத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். தாமரை விரிந்த இடத்தில் ஒருவர் எச்சில் துப்புகிறார். நான் மூடினது எல்லாம் இதுதான். அசிங்கமாக இருப்பதை, ஆடுவதை, இடறுவதை. கேமராவை நேராகப் பார்க்கிற முகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு ட்ரான்சிஷனைப் போடு, இது நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் படித்தது, இப்போது யோசிக்க வேண்டியதே இல்லை, கையே செய்துவிடும். அப்படியானால் நேற்று நான் அவளைப் பார்த்தேனா. முந்தானையைக் கடித்துக்கொண்டு ஒருத்தி கேமராவை வெறித்துப் பார்க்கிறாள் என்று கண் கண்டு, யார் என்று மனசு கேட்பதற்கு முன்னால் கை போய் மூடிவிட்டதா. இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பது வயசைத் தாண்டிய என் அக்கா, நான் குளிப்பாட்டித் தலை துவட்டிவிடுகிற அக்கா, எனக்குத் தெரியாமல் போகுமா. தெரியாமல்தான் போயிருக்கிறது. சொந்தக்காரர்கள் கல்யாண வீடியோ இங்கே வரும்போதெல்லாம், தவம், அந்த இடத்துல உங்க அக்கா சோத்தை மேல கொட்டிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் எடுத்துரு என்பார்கள், எடுத்துவிடுவேன், ஒன்றிரண்டு தடவைக்குப் பிறகு அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவேன். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும் பவளம் என்று ஒருத்தி இருக்கமாட்டாள். அதனால்தான் தேடுவதற்குக்கூட ஆதார் போட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன், அதில் அவள் அவள் மாதிரியே இல்லை.

காளீஸ்வரி இப்போது ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி, இடது பக்கம் கடைசியில், வேப்பமரத்துக்குப் பின்னால் பிணவறை. அப்பாவுக்காக ஒருதடவை அங்கே நின்றிருக்கிறேன். துணியை விலக்குவார்கள். அவள்தானா சொல்லுங்கள் என்பார்கள். அவளாக இருந்தால். அவளாக இருந்தால் என்ன ஆகும், தண்டவாளத்து ஓரம் என்றாரே, எந்தப் பாதி இருக்கும். இருந்தால் எல்லாம் முடியும். முடியும். இந்தத் தேடல் முடியும், நடுராத்திரியில் எழுந்து கதவைத் தட்டுகிறவளை எழுந்துபோய்ப் பார்ப்பது முடியும், நமக்கப்புறம் இவளுக்கு யார் என்று காளீஸ்வரியும் நானும் பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுகிற அந்தப் பேச்சு முடியும். ஐயோ. என்ன நினைக்கிறேன். இது எங்கேயிருந்து வந்தது, நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது, தூசி விழுவதுபோல வந்தது. வந்ததை எப்படித் திருப்பி அனுப்புவது. மனசுக்குள் எந்த இடத்தில் தட்டி எதை அழுத்தினால் இது போகும். அம்மா தாயே, நான் அதைக் கேட்கவில்லை, நீ காதில் போட்டுக்கொள்ளாதே. நேற்றே இது எங்கேயோ இருந்ததோ. காளீஸ்வரி போனில் காணோம் என்றபோது நெஞ்சு பதறுவதற்கு முன்னால் ஒரு கணம், அந்த ஒரு கணம் என்னவாக இருந்தது. இல்லை, பதறினேன், முதலில் பதறினேன். அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தேடு. வாலை இழு. தலையை இழு. கையில் வேர்வை, மௌஸ் வழுக்குகிறது, பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறேன். வேன். வேறு வேன். கண்ணாடி உடையாத வேன். டிராக்டர். யானை. யானைக்குமேல் குடை.

யாரோ பின்னால் நிற்கிறார்கள். பாண்டித்துரை அண்ணன். கல்யாணக்காரர்கள் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இன்றைக்கு வீடியோ காட்டுவதாகச் சொல்லியிருந்தோம், அது இந்த சிஸ்டத்தில்தான் இருக்கிறது. அண்ணே, கொஞ்ச நேரம் அண்ணே, என்கிறேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்கிறது. அவர் திரையைப் பார்க்கிறார். "இதுலயா இருக்கா?" இருக்காண்ணே, வேன்ல ஏறுறா, ஊர்ப்பேரு பாதிதான் தெரியுது. அவர் படிப் பக்கம் திரும்பினார். "அவங்களை நான் பேசி அனுப்பிச்சுக்கிறேன். நீ பாரு." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகிறது. மறுபடி செல். காளீஸ்வரி. எடுக்கவேண்டும், விரல் பச்சை வட்டத்துக்குப் போகமாட்டேன் என்கிறது, அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிட்டால் தேவலை என்று இருக்கிறது, நின்றுவிடக்கூடாது என்றும் இருக்கிறது. எடுத்தேன். மூச்சு மட்டும் வருகிறது. காளீஸ்வரி. காளீஸ்வரி, சொல்லு. "இல்லைங்க." என்ன இல்லை? "அக்கா இல்லைங்க. வேற யாரோ. சின்ன வயசுதாங்க. கழுத்துல தாலி கெடக்கு." அப்புறம் அழுகிறாள், எனக்கு யாருக்காக அழுகிறாள் என்று புரியவில்லை, அக்கா இல்லை என்பதற்கா, அங்கே படுத்திருக்கிறவளுக்கா. "அந்தப் புள்ளையத் தேடி இன்னும் யாரும் வரலையாம்ங்க" என்கிறாள். செல்லை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் இல்லை. அவள் இல்லை என்றால் எங்கேயோ இருக்கிறாள், எங்கேயோ என்பது முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. முகத்திலிருந்து கையை எடுத்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன், அந்தப் பழைய நினைப்பு அங்கேயே இருக்கிறதா என்று. இருக்கட்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் தேடவேண்டும்.

விடியற்காலை. வெளிச்சம் சரியாக வராத காட்சிகள். நாதஸ்வரக்காரர் காரிலிருந்து இறங்குகிறார். வேன்கள் ஒன்றொன்றாக வருகின்றன, சாகுல் பாய் நடுரோட்டில் நின்று எடுத்திருக்கிறார். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது தூரத்தில் திரும்பும்போதே அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டேன், அங்கேதான் தாமரை விரிந்திருந்தது, அலுப்பாக இருந்திருக்கும், வேன் வேனாகக் காட்டிக்கொண்டிருந்தால் யார் பார்ப்பார்கள் என்று. தாமரை இப்போது இல்லை. வாலைப் பிடித்து இழுக்கிறேன். வருகிறது. வேன் கிட்டே வருகிறது. இழுக்க இழுக்க வருகிறது, தீர்ந்துவிடாதே, தீர்ந்துவிடாதே, ஹெட்லைட் கண்ணைக் கூச வைக்கிறது, பக்கவாட்டில் ஒரு ஜன்னலில் அட்டை. அட்டை. அதுதான். முன்னால் பேனர் வெளிச்சத்தில் வெள்ளையாக வெளுத்துப் போயிருக்கிறது, எழுத்தே இல்லை, வெள்ளை, இன்னும் கொஞ்சம் இழு, வேன் குழியில் இறங்கி ஏறுகிறது, வெளிச்சம் ஒரு பக்கம் சாய்கிறது, நிறுத்து. கொன்றையேந்தல் பால்குடக் குழு. நான் அதைச் சத்தமாகப் படித்தேன். மறுபடியும் படித்தேன். கொன்றையேந்தல். கேள்விப்பட்ட பெயர்தான், எந்தப் பக்கம் என்று வரவில்லை, தலைக்குள் எல்லா ரோடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. சாகுல் பாய்க்குப் போட்டேன். "கொன்றையேந்தலா தம்பி? போன தையில அங்க ஒரு காதுகுத்து எடுத்தேனே. தாய்மாமன் நம்பர் கெடக்கும், இரு, வையாத, இரு." அவர் தேடுகிறார். மூச்சு வாங்குகிறது. "யா அல்லா, பேரு என்னன்னு போட்டேன்னு தெரியலையே. ஆங், இந்தா."

தாய்மாமன் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னதை இரண்டு தடவை கேட்கிறார். காற்று இரைகிறது. "நேத்து வேன்ல வந்ததா? நான் நேத்து வெள்ளனயே இங்கிட்டு வந்துட்டேன் தம்பி. இருங்க, வீட்ல கேக்கச் சொல்றேன், லைன்லயே இருங்க." நடக்கிறார். ஆடு கத்துகிறது. கரையில் போகிற யாரையோ கூப்பிடுகிறார், ராக்கு, ஏ ராக்கு. எனக்குக் கேட்கிற ஒவ்வொரு சத்தத்திலும் அவள் இருக்கிறாளா என்று செல்லைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன், காது வலிக்கிறது. வேனில் ஏற்றினவர்கள் வழியில் இறக்கிவிட்டோம் என்று சொல்லப்போகிறார்கள். அப்படி யாரும் வரவில்லையே என்று சொல்லப்போகிறார்கள். ஒரு பெண் குரல். "யாரு, முந்தானையக் கடிச்சுக்கிட்டே இருக்குமே, அந்தப் புள்ளையவா கேக்குறீக?" ஆமா. ஆமாம்மா. "எங்க வீட்லதான்யா இருக்கு." செல்லை மறு காதுக்கு மாற்றினேன். "வேன்ல ஏற நின்டுச்சு, கையைக் குடுத்துத் தூக்கிவிட்டேன், வேற யாரோட சொந்தக்காரப் புள்ளையோன்னு நெனச்சோம். இங்க வந்து எறங்கி எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகு இது மட்டும் வேன்கிட்டயே நிக்கிது. பேரு கேட்டா சிரிக்கிது. ஊரு கேட்டா சிரிக்கிது. பதறிப்போச்சு எங்களுக்கு. இன்னைக்கு எம்மகன் வேலைக்குப் போய்ட்டு வந்ததும் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தோம். நீங்க யாருய்யா அதுக்கு?" தம்பிம்மா. தம்பி. சாப்பிட்டாளா அம்மா? "கஞ்சி குடிச்சிச்சு. ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சிச்சு. நல்லா இருக்குய்யா, ஏன் அழுகுறீக, வந்து கூட்டிட்டுப் போங்க." நான் அழுகிறேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

பைக்கில் பின்னால் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். என் முதுகில் அவள் நெற்றி முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அவளிடம் சொல்லவேண்டும்போல இருந்தது, நீ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது எனக்குள் ஒன்று வந்தது என்று. கருவேலங்காடு முடிகிற இடத்தில் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் உள்ளே போனது. சொன்னால் அவள் என்ன சொல்வாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் முதுகிலிருந்து நெற்றியை எடுத்துக்கொள்வாள், அந்த இடம் மட்டும் குளிரும். அவளுக்குள்ளும் ஏதாவது வந்திருக்குமா, அந்தத் துணியை விலக்குவதற்கு முன்னால். கேட்கவும் முடியாது. ஊர் வந்துவிட்டது. கேட்டவுடன் கையைக் காட்டினார்கள், எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராக்கு வீட்டுத் தகரக் கொட்டகையில் மிளகாய் வற்றல் குவித்துக் கிடக்கிறது, நாலைந்து பெண்கள் கோரைப்பாயில் சுற்றி உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள். காரம் கண்ணில் ஏறுகிறது. மஞ்சள் சேலையைத் தேடினேன், மஞ்சள் சேலை இல்லை, ஒரு கணம் எல்லாம் மறுபடி இருண்டது. அப்புறம் பார்த்தேன். குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து வாரி, யாருடையதோ பச்சைச் சேலை ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு மிளகாயாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மெதுவாகக் காம்பைக் கிள்ளிப் போடுகிறாள். அவளுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கொடுத்துப் பார்த்ததில்லை. நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள் என்று, அல்லது எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல அடிப்பாள் என்று. எதுவும் இல்லை. மடியிலிருந்த மிளகாயை ஒதுக்கிவிட்டு, பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டினாள், உட்கார். ராக்கு, "பாத்தீகளா, தெரிஞ்சுருச்சு" என்று சொல்வது எங்கேயோ கேட்டது. நான் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றோடும் உட்கார்ந்தேன், அந்த நினைப்போடும் உட்கார்ந்தேன், அவள் தோள் என் தோளில் பட்டது, சூடாக இருந்தது. காளீஸ்வரி கொட்டகை வாசலில் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள், உள்ளே வர அவளுக்கு முகம் இல்லை. அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.